செண்ட் கறை அன்றைக்கே தெரியாது: வாசனையும் துணியும், ஒரு முழுமையான வழிகாட்டி

ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்குக் கிளம்பும்போது அம்மா பீரோவிலிருந்து அரக்கு நிறக் காஞ்சிப் பட்டை எடுத்தார். மடிப்பைப் பிரித்ததும் முந்தானையில், தோளுக்குச் சற்றுக் கீழே வரும் இடத்தில், பழைய எட்டணாக் காசு அகலத்தில் ஒரு வளையம். நடுவில் பட்டு அப்படியே இருந்தது, விளிம்பு மட்டும் காப்பி சிந்திக் காய்ந்த மாதிரி பழுப்பு. அதை ஒட்டியிருந்த ஜரிகை நான்கு விரல் நீளத்துக்குக் கறுத்திருந்தது.

கடைசியாக அதைக் கட்டியது மார்கழிக் கச்சேரிக்கு. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தோளில் இரண்டு தடவை செண்ட் அடித்துக்கொண்டார். ராத்திரி வந்து ஒரு மணி நேரம் காற்றாடப் போட்டு, மடித்து உள்ளே வைத்தார். அன்றைக்குப் புடவையில் ஒன்றுமே தெரியவில்லை. எட்டு மாதம் பீரோவுக்குள் இருட்டில் வளர்ந்த கறை அது.

செண்ட் கறையின் குணமே இதுதான். சாம்பார் சிந்தினால் அப்போதே பதறிப்போய்த் துடைக்கிறோம். செண்டு வாசனையாக வந்து உட்கார்ந்துகொள்கிறது, யாரும் சந்தேகப்படுவதில்லை. வியர்வை, வெளிச்சம், இஸ்திரிப் பெட்டியின் சூடு, நாள்கணக்கு என்று எல்லாம் சேர்ந்த பிறகுதான் முகத்தைக் காட்டுகிறது. அதனால் முன்னாலேயே பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. கறை எடுப்பதை அப்புறம் பார்ப்போம்.

முதலில், பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது

கடையில் வாங்கும் ஸ்ப்ரே செண்டில் பெரும்பங்கு ஆல்கஹால். மீதி வாசனை எண்ணெய்கள், கொஞ்சம் தண்ணீர், சிலவற்றில் நிறச்சாயம். பெட்டியில் ‘ஓ டி டாய்லெட்’ என்று இருந்தால் வாசனை எண்ணெய் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம், ‘ஓ டி பர்ஃபம்’ என்று இருந்தால் 15 முதல் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் கூடக்கூட வாசனை நிற்கும். துணியில் கறையும் நிற்கும்.

ஆல்கஹாலும் எண்ணெயும் துணிக்குச் செய்யும் கெடுதல் வேறு வேறு. ஆல்கஹால் ஈரமாக இருக்கும் சில நொடிகளில் வேலையை முடித்துவிடும். சாயம் கெட்டியாகப் பிடிக்காத துணியில் சாயத்தை இளக்கி, தன்னோடு விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போய், அங்கே விட்டுவிட்டு ஆவியாகிவிடும். அந்த வளையம் அப்படித்தான் வருகிறது. எண்ணெய் அவசரப்படாது. நூலுக்குள் இறங்கி உட்கார்ந்து, காற்றும் வெளிச்சமும் பட்டு மெல்ல மெல்லப் பழுப்பேறும்.

எல்லா வாசனையும் ஒரே அளவு கறையாவதில்லை. வெனிலா வாசனை தரும் வெனிலின், கிராம்பில் இருக்கும் யூஜெனால், மல்லிகையில் இருக்கும் இன்டோல், இந்த மூன்றும் நாளாக ஆகப் பழுப்பாகும். இனிப்பான, கேக் மாதிரி மணக்கும் செண்டு பாட்டிலிலேயே தேன் நிறமாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டிலில் நடப்பது துணியிலும் நடக்கும். ஊது என்கிற அகில் மாதிரியான கருத்த மரவாசனைகளுக்கு எண்ணெயிலேயே நிறம் உண்டு. எலுமிச்சை வகை வாசனைகள் பொதுவாக லேசானவை, சீக்கிரம் பறந்துவிடும்.

அத்தர் தனி ஜாதி. அதில் ஆல்கஹால் கிடையாது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் பழைய முறையில் வடிப்பது என்றால் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடிப்பார்கள். விலை குறைந்தவற்றில் பாரஃபின் எண்ணெய் மாதிரி வேறு ஏதாவது இருக்கும். எதுவானாலும் துணியைப் பொறுத்தவரை அத்தர் ஓர் எண்ணெய்ச் சொட்டு. வெள்ளை ஜிப்பாவில் விழுந்தால் அந்த நிமிடமே தெரியும்.

படி 1: வெள்ளைத் தாள் சோதனை

சென்னை திருவல்லிக்கேணியில் பெரிய பள்ளிவாசல் பக்கம் ஓர் அத்தர் கடையில் நின்றிருந்தேன். வாங்க வந்த பையன், வெள்ளைச் சட்டையின் கையை நீட்டி, “இதுலயே கொஞ்சம் போடுங்க பாய், எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாக்கறேன்” என்றான். அவர் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, கண்ணாடிக் குச்சியால் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு கோடு போட்டார். “துணியில வேணாம் தம்பி. துணியில போட்டா வாசனை நாளைக்குப் போயிடும், கறை இருக்கும்” என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் அதே குச்சியைத் தொட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். சொட்டைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு வட்டம் பரவிக்கொண்டே போனது.

வீட்டில் இருக்கும் எல்லா செண்டுக்கும் இதைச் செய்து பாருங்கள். வெள்ளைத் தாளில் ஒரு தடவை அடித்து, முழுக்கக் காய விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் பருத்திக்குப் பெரும்பாலும் பயமில்லை. நிறம் தெரிந்தாலோ, எண்ணெய் பட்ட மாதிரி தாள் கண்ணாடியாகத் தெரிந்தாலோ, அது உடம்புக்கு மட்டும். அந்தத் தாளை ஒரு வாரம் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். சில தாள்கள் மஞ்சளாவது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

படி 2: துணி எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பருத்தி எதையும் தாங்கும், துவைத்தால் விட்டுக்கொடுக்கும். லினனும் அப்படியே. ஆனால் சாயம் இறங்கும் பருத்தி வேறு கதை. சுங்குடி, இயற்கைச் சாயம் போட்ட கைத்தறி, பழைய மெட்ராஸ் கட்டம் எல்லாம் இதில் சேரும். சாயம் இறங்குவதையே பெருமையாகச் சொல்லி அமெரிக்காவில் ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ என்று விற்ற காலமும் உண்டு. அப்படிப்பட்ட துணியில் ஆல்கஹால் பட்டால் திட்டுத் திட்டாக வெளுத்துப்போகும்.

பாலியெஸ்டருக்குத் தண்ணீர் பிடிக்காது, எண்ணெய் ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் ஜிம் பனியனிலும் பாலியெஸ்டர் சட்டையிலும் வியர்வை நாற்றம் துவைத்த பிறகும் ஒளிந்திருந்து, போட்டுக்கொண்ட அரை மணியில் திரும்பி வருகிறது. அதன் மேலேயே டியோ அடித்தால் அந்த எண்ணெயும் உள்ளே சேர்ந்துகொள்ளும். வாசனையும் நாற்றமும் கலந்த ஒரு மூன்றாவது மணம்தான் மிச்சம்.

கோட்டின் உள்லைனிங்கிலும் சில பளபளப்பான கவுன்களிலும் அசிட்டேட் துணி இருக்கும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் பட்டால் அது கரைந்தே போகும். செண்டின் ஆல்கஹால் பட்டால் சாயம் கலங்கலாம். லேபிளில் அசிட்டேட் என்று இருந்தால் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். ரேயான், விஸ்கோஸ் துணிகள் ஈரத்தில் வலுவிழக்கும், தேய்த்தால் நூல் எழும்பிவிடும்.

பட்டுக்கு வருவோம். பட்டு ஒரு புரத இழை, நம் தலைமுடி மாதிரி. ஒரு சொட்டுத் தண்ணீர் காய்ந்தாலே சில பட்டில் வளையம் தெரியும். வியர்வையின் உப்பு பட்டை நைய வைக்கும். அதோடு செண்டும் சேர்ந்தால் அக்குளிலும் கழுத்தோரத்திலும் முதலில் நிறம் மங்கும், பிறகு இழை விடும். மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊர், காற்றிலேயே எப்போதும் ஈரம். இந்த ஊரில் பட்டின் மேல் செண்ட் அடிப்பது வியர்வையையும் எண்ணெயையும் சேர்த்துப் பூசுவதற்குச் சமம்.

ஜரிகை இன்னும் நுணுக்கம். நல்ல காஞ்சி ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. முலாம் மிக மெல்லியது. ஈரமும் ரசாயனமும் அடியில் இருக்கும் வெள்ளியைத் தொட்டுவிட்டால் கறுக்கும். செம்புக் கம்பியில் செய்த விலை குறைந்த ஜரிகை அதைவிடச் சீக்கிரம் கறுக்கும். கறுத்த ஜரிகையை வீட்டில் எலுமிச்சம்பழம், பல்பொடி என்று தேய்த்துப் பார்க்கவே வேண்டாம், இருக்கிற முலாமும் போய்விடும். ஜரிகை பக்கம் செண்டே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஜாக்கெட்டில் கல், மணி, ஆரி வேலை இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். அக்ரிலிக் கற்களின் மேல் ஆல்கஹால் பட்டால் நுண்ணிய விரிசல் விட்டு மங்கிப்போகலாம். ஒட்டிய கல்லாக இருந்தால் பசையும் இளகலாம். முத்துமாலைக்கும் இதே எச்சரிக்கைதான்.

படி 3: மறைவான இடத்தில் ஒரு தொடுதல்

துணியில் செண்ட் போட்டே ஆகவேண்டும் என்றால் முதலில் சோதனை. புடவையில் இடுப்பில் முதல் சுற்றில் சொருகும் உள்முனை, சட்டையில் பேண்டுக்குள் போகும் அடிப்பகுதி, சுடிதாரில் உள்தையல். காது குடையும் பஞ்சுக்குச்சியில் செண்டை நனைத்து ஒரே ஒரு தடவை தொட்டு, உடனே வெள்ளை டிஷ்யூவை வைத்து அழுத்துங்கள். டிஷ்யூவில் துணியின் நிறம் ஏறினால் பேச்சே இல்லை, வேண்டாம். ஏறாவிட்டால் ஒரு நாள் காத்திருந்து, பகல் வெளிச்சத்தில் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்லும் சோதனை இது இல்லை.

படி 4: செண்டு முதலில், உடுப்பு பிறகு

குளித்து, துவட்டி, ஈரம் போனதும் செண்ட். ஐந்து பத்து நிமிடம் கழித்து உடுப்பு. இந்த ஒரு வரிசையை மாற்றிக்கொண்டாலே பாதிக் கறை வராது. அம்மா நாற்பது வருடமாகச் செய்துவந்தது இதற்கு நேர் எதிர். புடவை கட்டி, பூ வைத்து, நகை போட்டு, கடைசியாக வாசலில் செண்ட்.

மணிக்கட்டின் உள்பக்கம், முழங்கை மடிப்பு, காதுக்குப் பின்னால், முழங்காலுக்குப் பின்னால் என்று துணி உரசாத இடமாகப் பாருங்கள். கழுத்தில் போட்டால் காலர் உரசும், புடவை கட்டுபவர்களுக்கு ஜாக்கெட் விளிம்பு உரசும். பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெய் உள்ள சில வாசனைகள் வெயில் பட்டால் தோலில் கருமை உண்டாக்கலாம். பகலில் வெளியே போகிறவர்கள் துணி மூடாத இடத்தில் அதைப் போடாமல் இருப்பது நல்லது.

டியோவில் இரண்டு வகை. ஒன்று வாசனை மட்டும். இன்னொன்று வியர்வையையே குறைப்பது, அதில் அலுமினிய உப்பு இருக்கும். வெள்ளைச் சட்டையின் அக்குளில் அட்டை மாதிரி விறைத்து மஞ்சளாகிறதே, அந்த உப்பும் வியர்வையும் சேர்ந்துதான் பெரும்பாலும் அப்படி ஆகிறது. கொஞ்சமாகப் போட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு சட்டை போடுங்கள்.

அத்தர் பிரியர்களுக்குப் பழைய வழக்கமே சிறந்தது. ஒரு துளியைப் பஞ்சில் நனைத்துக் காது மடலில் செருகிக்கொள்வது. துணிக்கு ஒன்றும் ஆகாது, வாசனை நாள் முழுக்க வரும்.

படி 5: துணியில்தான் வேண்டும் என்றால்

கைக்குட்டை, உள்பாவாடையின் கீழ்விளிம்பு, பருத்தி லைனிங்கின் உள்பக்கம். இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பாட்டிலுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு சாணுக்குக் குறையாமல் இடைவெளி விட்டு, ஒரே தடவை. கிட்டே வைத்து அடித்தால் துளி பெரிதாக விழும், பெரிய துளிதான் வளையமாகும். காற்றில் அடித்துவிட்டு அதற்குள் நடந்து போவது பருத்திச் சட்டைக்குச் சரி. பட்டுக்கு வேண்டாம், எங்கே விழுகிறது என்று நம் கையில் இல்லை.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். செண்டின் ஆல்கஹால், டியோ டின்னின் வாயு இரண்டுமே சட்டென்று தீப்பிடிக்கும். பூஜை அறையில் குத்துவிளக்கு எரியும்போது, அடுப்பு பக்கத்தில், சூடான இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் அடிக்கவே கூடாது. அடித்த கையோடு விளக்கேற்றப் போகவும் கூடாது.

படி 6: கல்யாண வீடு

நம் ஊரில் வாசனை பாட்டிலிலிருந்து மட்டும் வருவதில்லை. மண்டப வாசலிலேயே பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் காத்திருக்கும். பன்னீரைத் தலைக்கு மேலே தெளிப்பவர் பாசத்தோடு தெளிக்கிறார், அது பட்டின் தோளில் விழுகிறது. கைகளை முன்னால் நீட்டி வாங்கிக்கொண்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. தோளில் விழுந்துவிட்டால் தேய்க்காமல், உலர்ந்த கைக்குட்டையை வைத்து ஒற்றி எடுங்கள்.

சந்தனம் ஒட்டினால் ஈரத்தில் துடைக்காதீர்கள். காய விட்டு, நகத்தால் தட்டினால் பொடியாக உதிரும். குங்குமமும் அப்படித்தான், ஊதியோ உதறியோ போக்குங்கள், ஈர விரல் பட்டால் போச்சு. மஞ்சள் பட்ட துணியில் சோப்புப் போட்டதும் சிவப்பாக மாறும், பயந்துவிடாதீர்கள். மஞ்சளுக்குக் காரம் பட்டால் அப்படித்தான் நிறம் மாறும். நன்றாக அலசி, வெள்ளைப் பருத்தியாக இருந்தால் வெயிலில் போடுங்கள், வெளிச்சத்தில் மங்கிக்கொண்டே வரும். ஜவ்வாது வைப்பவர்கள் பொடியைத் தோலில் தடவி, உபரியைத் தட்டிவிட்டுப் பிறகு உடுத்தலாம்.

ஜாக்கெட்டின் முதுகில் மல்லிகை விடும் பழுப்புக் கோட்டை நிறையப் பேர் வியர்வை என்று நினைக்கிறார்கள். நசுங்கி வாடும் பூவின் சாறும் நார் ஈரமும்தான் அது. சரத்தைத் தண்ணீர் உதறி, ஒரு துணியில் ஒற்றிவிட்டு வைத்துக்கொண்டால் பெருமளவு குறையும்.

படி 7: கறை விழுந்துவிட்டது, இப்போது?

எந்தத் துணியாக இருந்தாலும் முதல் விதி, இஸ்திரி போடாதே. எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடும் பெரியவர், சட்டையைப் பலகையில் விரித்ததும் உள்ளங்கையால் காலரையும் அக்குளையும் ஒரு தடவை தடவிப் பார்ப்பார். பிசுக்கு இருந்தால் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். “துவைச்சுக் குடும்மா, பெட்டி வச்சா சுட்ட மாதிரி நின்னுடும்” என்பார். அவர் சொல்வது சரி. சூடு பட்டால் கறை நூலோடு இறுகிவிடும்.

பருத்தியில் அத்தரோ செண்ட் எண்ணெயோ புதிதாக விழுந்திருந்தால், மேலே டால்கம் பவுடரையோ சோள மாவையோ கொட்டி அரை மணி நேரம் விடுங்கள். தட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, விரலால் மெல்லத் தடவி, பத்து நிமிடம் கழித்து, துணியின் பின்பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை ஓடவிடுங்கள். நிழலில் உலர்த்திப் பாருங்கள். நிழல் மாதிரி தெரிந்தால் மறுபடியும் இதையே செய்யுங்கள். முழுக்கப் போன பிறகுதான் வெயிலும் இஸ்திரியும்.

வெள்ளைப் பருத்தியில் பழைய மஞ்சள் கறை என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு உதவும். சாதாரணமாக 6 சதவீதத்தில் கிடைக்கும். சம அளவு தண்ணீர் கலந்து கறையில் விட்டு, கால் மணி நேரம் கழித்துத் துவையுங்கள். கலர் துணிக்கு வேண்டாம்.

அக்குள் மஞ்சளுக்கு, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர். அரை மணி ஊறவைத்து, நன்றாக அலசி, வழக்கம்போல் சோப்புத்தூளில் துவைக்கலாம். குளோரின் ப்ளீச் போட்டால் வெளுக்கும் என்று நினைப்போம், இந்தக் கறை அதில் இன்னும் மஞ்சளாகும். பட்டுக்கும் கம்பளிக்கும் குளோரின் ப்ளீச் விஷம், இழையையே தின்றுவிடும். வினிகரையும் ப்ளீச்சையும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு வரும்.

பட்டில் விழுந்தால் நம் வேலை இரண்டுதான். ஒற்றி எடுப்பது, பவுடர் போட்டு எண்ணெயை உறிஞ்சவிட்டு மெல்லத் தட்டுவது. அந்த இடத்தை மட்டும் தண்ணீரால் துடைக்கப் போனால் செண்ட் வளையத்தைச் சுற்றித் தண்ணீர் வளையம் ஒன்று வரும். நேராக ட்ரை கிளீனிங்தான். கொடுக்கும்போது கறையைச் சுற்றி வெள்ளை நூலில் பெரிய தையலாக நான்கு தையல் போட்டுக் கொடுங்கள். “இது செண்ட், எட்டு மாசம் ஆச்சு, மேல வியர்வையும் இருக்கு” என்று வாயாலும் சொல்லுங்கள். ட்ரை கிளீனிங் திரவம் எண்ணெயைக் கரைக்கும், வியர்வை உப்பை அவ்வளவாகக் கரைக்காது. எது என்று தெரிந்தால்தான் அவர் அதற்கேற்ற மருந்தைத் தொடுவார்.

படி 8: துவைக்கும்போது சேர்க்கும் வாசனை

ஃபேப்ரிக் கண்டிஷனர் துணியின் மேல் ஒரு மெல்லிய படலம் போடுகிறது. மென்மையும் வாசனையும் அதிலிருந்துதான். அதே படலம் துண்டின் உறிஞ்சும் குணத்தைக் குறைக்கும், விளையாட்டுத் துணியில் நாற்றத்தை உள்ளே பூட்டும். துணியின் மேல் நேராக ஊற்றினால் எண்ணெய்க் கறை மாதிரியே திட்டு விழும். தண்ணீரில் கலந்து கடைசி அலசலில் மட்டும், அதுவும் மூடியில் போட்டிருக்கும் அளவில் பாதி போதும்.

போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் சோப்புக் கட்டி உப்போடு சேர்ந்து திரிந்து துணியில் சாம்பல் நிறமாகப் படியும். அந்தப் படிவு வாசனையையும் அழுக்கையும் சேர்த்தே பிடித்துவைக்கும். அங்கே சோப்புத்தூள்தான் நல்லது, ஓர் அலசல் கூடவே போடுங்கள். ஐப்பசி மழையில் வீட்டுக்குள்ளேயே காயும் துணிக்கு வரும் முக்கல் வாடையை வாசனைத் திரவம் மறைக்கும், போக்காது. ஃபேனுக்குக் கீழே இடைவெளி விட்டுப் போட்டுச் சீக்கிரம் காயவைப்பதுதான் வழி.

இதெல்லாம் இந்த ஊருக்கு அந்நியமான அறிவு இல்லை. கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் 1639இல் இங்கே, சென்னையில், இடம் வாங்கியதே துணி வியாபாரத்துக்குத்தான். அந்தத் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. எந்தத் துணிக்கு எந்தத் தண்ணீர், எவ்வளவு வெயில் என்று கையால் அறிந்தவர்கள் அவர்கள்.

படி 9: பீரோவுக்குள்

கட்டிய பட்டை அன்றே மடித்து வைக்காதீர்கள். நிழலில், கொடியில் ஓர் இரவு முழுக்கக் காற்றாடட்டும். மறுநாள் பகல் வெளிச்சத்தில் தோள், கழுத்து, இடுப்பு மடிப்பு மூன்றையும் பாருங்கள். செண்ட் பட்டது என்று தெரிந்தால் கறை தெரியாவிட்டாலும் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். பழைய வெள்ளை வேட்டித் துணியில் பை தைத்து அதற்குள் வையுங்கள், பிளாஸ்டிக் உறையில் ஈரம் அடைந்துகொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றிவிடுங்கள்.

பீரோவுக்கு வாசனை வேண்டும் என்றால் வெட்டிவேர், வசம்பு, உலர்ந்த வேப்பிலை. சிறு துணி முடிச்சாகக் கட்டித் தட்டின் மூலையில் போடுங்கள், பட்டின் மேல் வேண்டாம். அந்துருண்டை ஜரிகையைத் தொடக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை வைக்காமல் இருப்பதே நல்லது. கற்பூரத்தையும் அந்துருண்டையையும் ஒரே தட்டில் போட்டுவிடாதீர்கள், நம் ஊர்ச் சூட்டில் இரண்டும் சேர்ந்து இளகி எண்ணெயாக வழியும். சாம்பிராணிப் புகை காட்டுவதானால் துணியைத் தூக்கித் தள்ளிப் பிடியுங்கள், அந்தப் புகையில் பிசின் இருக்கிறது, வெளுத்த துணியில் படிந்தால் மஞ்சள் பூக்கும்.

அம்மாவின் அரக்குப் பட்டில் வளையம் முக்கால்வாசி போய்விட்டது. கறுத்த ஜரிகை திரும்பவில்லை. முந்தானை மடிப்பை ஒரு சுற்று மாற்றி எடுத்தால் அது உள்பக்கம் போய்விடுகிறது, அப்படித்தான் கட்டுகிறார். இப்போது ஒவ்வொரு துணிப்பையின் வெளியிலும் ஊக்கு குத்தி ஒரு சீட்டு தொங்குகிறது. எப்போது கட்டியது, எங்கே போனது, செண்ட் பட்டதா இல்லையா என்று அம்மாவின் கையெழுத்தில் மூன்றே வரி.